பாலம் தெரியும் படம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் விடியற்காலையில் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீதியில் இறங்குகிற நேரத்துக்கு நின்றுவிடும். அதற்குள் அருந்ததி அக்கா மா குழைத்து, இடியப்பம் பிழிந்து, அவித்து, கடைகளுக்குக் கட்டிவிட வேண்டும். அவிந்த சிவப்பு மாவின் மணம் படியேறி என் அறைக்கு வரும். அது வந்தால்தான் எனக்கு விடியும்.

வீடு பிறிஜெற் அன்ரியுடையது. கீழே முன்பக்கத்தில் அவர் இருந்தார். பின்பக்கத்து அறையும் குசினியும் அக்காவுக்கும் அவருடைய கணவர் இரத்தினசிங்கம் அண்ணைக்கும். மேலே ஓட்டுக்குக் கீழே நான் வெந்துகொண்டிருந்தேன். கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் எனக்கு எழுதுவினைஞர் வேலை. சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்பதால், வீட்டுக்குப் பொலிஸ் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், லைட் பில் பிழைத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதற்காக அன்ரி வாடகையில் ஒரு சதம் குறைத்ததில்லை.

அண்ணை கொக்குவில்காரர். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது அவர்களும் நடந்து, வவுனியாவில் கிடந்து, கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள். முகத்துவாரம் பக்கத்தில் துணிக்குச் சாயம் போடுகிற ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கீப்பர் வேலை கிடைத்தது. முதலாளி தியாகராசா, அக்காவின் ஊர்ப்பக்கத்து ஆள். அண்ணை எதற்கும் "ஓம் ஓம்" என்று இரண்டு தரம் சொல்லுவார். ஒரு தரம் மட்டும் சொன்னால் ஆள் கோபத்தில் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

நான் சொல்லுவது தொண்ணூற்றேழில் நடந்தது. கொழும்பில் தமிழர்கள் பொலிஸ் பதிவுத் துண்டை உடம்பில் ஓர் உறுப்பு மாதிரிக் கொண்டு திரிந்த காலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பலீல் நானா வந்தார். தொழிற்சாலை லொறியின் ட்ரைவர், முஸ்லிம் ஆள்; அவர்களிடம் நானா என்றால் அண்ணன். கூட அவருடைய மனைவி உம்மு குல்தூம். இதற்கு முன்பும் நானா வந்திருக்கிறார், ஆனால் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தது அதுதான் முதல்தடவை. அந்த அம்மா கைகளை முக்காட்டுத் துணிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார்.

"அண்ணே, இவட கையப் பாருங்க" என்றார் நானா.

அந்த அம்மா கையை நீட்டினார். நகங்கள் ஊதா நிறமாக இருந்தன. விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து, சில இடத்தில் சிவந்து ஈரம் கசிந்தது.

"என்ன, மருதோண்டி போட்டது ஒத்துக்கொள்ளேல்லையோ?" என்று அக்கா கேட்டார்.

"மருதோண்டி எங்க? இது ஒங்கட கம்பனிட நீலம்." உம்மு குல்தூம் சிரிக்கப் பார்த்தார். "எங்கட பக்கத்துப் புள்ளகளுக்கெல்லாம் தெரியும். காலையில ஆத்தப் பாத்துச் சொல்லும், இண்டைக்கு மஞ்சள், இண்டைக்குப் பச்சை எண்டு. உடுப்புக் கழுவ வேற இடமில்லயே. எங்கட தோட்டத்து வீடு அத்தினைக்கும் ஒரு பைப்பு. அது குடிக்கத்தான் காணும்."

அண்ணை நானாவைப் பார்த்தார். சாயக் கழிவைப் பீப்பாய் மாதிரியான நீல நிறப் பிளாஸ்டிக் பரல்களில் அடைத்து, பின்னேரங்களில் லொறியில் ஏற்றிவிடுவது அண்ணையின் வேலை. அது நகரத்துக்கு வெளியே கம்பனி எடுத்திருக்கிற ஒரு சீமெந்துக் குழிக்குப் போகிறதாகத்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"குழிக்குப் போறல்ல அண்ணே" என்றார் நானா. "ஒரு நாளும் போனதில்ல. ஆத்துப் பாலத்துக்கு இங்கால வளைவு ஒண்டு ஈக்கி. அதில எறக்கி ஊத்துற. முதலாளி ஊத்தச் சொன்ன, நான் ஊத்தின. பாலத்தில நிக்கிற ஆமிக்காரன் ஒரு நாள் நிப்பாட்டி, பரலுக்குள்ள என்ன எண்டு கம்பியால குத்திப் பாத்த. குண்டில்ல எண்டு தெரிஞ்சதும், மூக்கப் பொத்திட்டுப் போ போ எண்டான். தண்ணி கீழதானே ஓடுது, அது எங்க போய்ச் சேரும் எண்டு நான் யோசிக்கல்ல. எங்கட வீட்டுப் படியிலதான் போய்ச் சேருது."

அக்கா எழும்பிப் போய் நல்லெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து அந்த அம்மாவின் கையில் பூசினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

"இதை இன்னொரு இடத்தில சொல்லுவியளோ நானா?" என்று அண்ணை கேட்டார்.

"சொல்லத்தான் வந்த. எனக்கு எழுதப் படிக்கத் தெரியா. நீங்க வந்தா நான் வாய் தொறக்கிற."

"ஓம்" என்றார் அண்ணை, ஒரு தரம்.

முன்பக்கத்திலிருந்து பிறிஜெற் அன்ரி குரல் கொடுத்தார். இந்த வீட்டில் சுவர் என்பது பார்வைக்கு மட்டும்தான். "பேரில்லாம ஒரு பெட்டிசம் எழுதிப் போட்டு விடுங்களேன். ஏன் பெரிசா அலட்டுறீங்க?"

"மொட்டைப் பெட்டிசம் எழுதுறது எங்கட பழக்கமில்லை அன்ரி."

அது உண்மை. சங்கக்கடையில் இருந்த காலத்தில் தனக்கு வந்த மொட்டைப் பெட்டிசங்களைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டவர் என்று அக்கா சொல்லியிருக்கிறார். பெயர் வைக்க வெட்கப்படுகிறவன் பொய்யன் என்பது அவருடைய கட்சி. இந்தக் கட்சியை ஊரில் வைத்துவிட்டு வந்திருந்தால் எவ்வளவோ நல்லது என்று நான் பிற்பாடு நினைத்ததுண்டு.

அவர்கள் போனபிறகு அக்கா தேங்காய் துருவிக்கொண்டே கதைத்தார். "இஞ்சாருங்கோ, முதல்லை தியாகராசாண்ணையோடை ஒருக்காக் கதையுங்கோ. வேலை தந்த மனிசன். நேரை போய் வெளியிலை சொன்னால் காட்டிக் குடுத்திட்டார் எண்டெல்லே சனம் சொல்லும்."

காட்டிக்கொடுத்தல் என்ற சொல்லை அந்த நாட்களில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ஆமிக்காரரின் சுற்றிவளைப்புகளில், தலையில் சாக்குப் போட்ட ஒருவனை முன்னால் இருத்தி, ஆட்களை ஒவ்வொருவராக நடக்கவிடுவார்கள். அவன் தலையாட்டினால் ஆள் லொறியில். இரண்டு மூன்று தரம் நானும் அந்த வரிசையில் நடந்திருக்கிறேன்.

அண்ணை மறுநாளே முதலாளியிடம் கேட்டார். பரல் ஏற்றுவதோடு உம்முடைய வேலை முடிந்தது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் அவரும் நானாவும் கழிவு விசயங்களைப் பார்க்கிற ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போனார்கள். அண்ணையின் மச்சான் கனடாவிலிருந்து கொடுத்துவிட்ட கமரா ஒன்று இருந்தது. நானா ஊற்றுகிறபோது புல்லுக்குள் நின்று எடுத்த படங்களைக் கொண்டுபோனார்கள். லொறி, பரல், நீலமாக இறங்குகிற தண்ணீர். அங்கே இருந்தவர் இளம் உத்தியோகத்தர். நல்ல பெடியன், பிளேன் ரீ வாங்கிக் கொடுத்தான் என்று அண்ணை சொன்னார். படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவன் கேட்டானாம்: "இது எந்த ஆறு? நாட்டில் எவ்வளவோ ஆறு இருக்கிறது. இடம் தெரிகிற மாதிரி ஒன்று கொண்டுவாருங்கள்."

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் அண்ணை என் அறைக்கு ஏறி வந்தார். புதுப் படத்தைக் கட்டிலில் வைத்து, விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார். லொறியின் இலக்கம். சாய்த்துப் பிடித்த பரல். ஆற்றில் இறங்குகிற நீலம். மேலே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, பாலம்.

"இனி எந்த ஆறெண்டு ஒருத்தரும் கேக்கேலாது, தம்பி."

நான் படத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பாலத்தின் நடுவில் மணல்மூட்டையும் காவலரணும் துல்லியமாகத் தெரிந்தன. பக்கத்தில் நின்ற சிப்பாயின் தொப்பிகூடத் தெரிந்தது.

"அண்ணை, பாலத்தை வெட்டிப்போட்டுக் குடுங்கோ."

"வெட்டினால் திரும்பவும் எந்த ஆறெண்டெல்லே கேப்பாங்கள்?"

"ஆர் கேட்டாலும் பரவாயில்லை. இந்தப் படத்தை உங்கடை பேரோடை குடுக்காதேங்கோ. என்ன காலம் இது? பாலத்துக்குக் குண்டு வைக்க எடுத்தது எண்டெல்லே நினைப்பாங்கள்."

அவர் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் பாலத்தை எடுக்கேல்லை. பரலைத்தான் எடுத்தனான். பாக்கிறவனுக்கு விளங்காதோ?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். விளங்கும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

அந்தக் கந்தோர்ப் பெடியன் படத்தைத் தன்னுடைய மேலதிகாரியிடம் கொண்டுபோயிருக்கிறான். மேலதிகாரி பாலத்தைக் கண்டார், பெயரை வாசித்தார், எதற்கும் இருக்கட்டும் என்று பொலிசுக்கு அனுப்பினார். யாரும் கெட்ட எண்ணத்தோடு ஒன்றும் செய்யவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது அதை நினைத்துத்தான்.

இடியப்பம் பிழிகிற நேரத்தில் வந்தார்கள். அண்ணை அப்போதுதான் குளித்து, ஈரத் தலையோடு நின்றார். சேட்டுப் போட விட்டார்கள். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரை அப்படியே ஏற்றினார்கள். நான் பின்னால் ஓடி, எந்த ஸ்டேசன் என்று மட்டும் கேட்டறிந்து திரும்பி வந்தேன். அக்கா குசினியில் நின்று இடியப்ப உரலை அழுத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, வெளிக்கிடுங்கோ, போவம்."

"மா குழைச்சுப் போட்டன், தம்பி" என்றார். "ஆறினால் பிழிய வராது."

கடைசித் தட்டுவரை பிழிந்து, அவித்து, கடைக்காரன் வந்ததும் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் வெளிக்கிட்டார். ஆவியில் அவருடைய முழங்கை பொரிந்து கொப்புளித்திருந்தது. பஸ்ஸில் நான் காட்டியபோதுதான் அவர் அதைக் கண்டார். அவர் அழவில்லை. எப்போது அழப்போகிறார் என்று பயந்துகொண்டே நான் பக்கத்தில் இருந்தேன்.

ஸ்டேசனில் வெகுநேரம் வாங்கில் இருத்தி வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். படம் மேசையில் கிடந்தது. அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் பாலத்துக்குச் சிங்களத்திலும் பாலம்தான். அந்தச் சொல் வரும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னவாம் தம்பி?"

"பாலத்தை ஏன் எடுத்தவர் எண்டு கேக்கிறார்."

"இடம் தெரியத்தான் எண்டு சொல்லுங்கோ. கந்தோரிலை அப்பிடித்தானே கேட்டவை."

சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஆமோதித்தார். இடம் தெரிவதற்காகத்தான் எடுப்பார்கள், நாங்களும் அதைத்தானே சொல்கிறோம் என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

"பரலைப் பாக்கச் சொல்லுங்கோ. ஊத்துறதைப் பாக்கச் சொல்லுங்கோ."

அதையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் பார்த்தார். உண்மையாகவே குனிந்து பார்த்தார். பிறகு, அது எங்களுடைய பகுதி இல்லை, வேறு திணைக்களம் என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் அக்கா சாப்பாட்டுப் பார்சலோடு போனார். வாசலில் நிற்கிறவன் பார்சலைப் பிரித்து, ஒரு தடியால் சோற்றையும் கறியையும் கிண்டிப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்புவான். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அக்கா புட்டு அவிக்கத் தொடங்கினார். "புட்டெண்டால் கிண்டினாலும் ஒண்டும் ஆகாது" என்றார். மீன்பொரியலையும் வீட்டிலேயே உதிர்த்து, புட்டோடு பிசறிக் கட்டினார். அவனுக்கு வேலை குறைந்தது.

பிறிஜெற் அன்ரி செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போனார். திரும்பி வந்து என்னிடம் மெல்லக் கேட்பார்: "இன்னாருக்கு வீடு குடுத்திருக்கு எண்டு என்னையும் கூப்பிடுவாங்களா மகன்? நான் அவங்கள வீட்ட விட்டு எழும்பச் சொல்லயில்ல. சும்மா கேக்கிறன்." அவர் எழும்பச் சொல்லவில்லைதான். அந்தக் காலத்தில் அதுவே பெரிய விசயம்.

பிறகு ஒரு பின்னேரம் தியாகராசா முதலாளி வந்தார். ஒரு பை அப்பிளை மேசையில் வைத்துவிட்டு, அன்ரியின் ஹோலில் மின்விசிறிக்கு நேரே இருந்தார். நல்ல வெள்ளை நஷனல் உடுப்பு. நெற்றியில் திருநீறு.

"தங்கச்சி, நான் கோவத்திலை வரேல்லை. கோவம் இருக்குத்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆளை வெளியிலை எடுக்கிற அலுவலை முதல்லை பாப்பம்."

"எப்பிடி எடுக்கிறது?" என்றார் அக்கா.

"அந்தப் படத்தை நான்தான் எடுக்கச் சொன்னனான் எண்டு போய்ச் சொல்லுறன். ட்ரைவர் குழிக்குப் போறதுக்கெண்டு குடுக்கிற காசை அடிச்சுக்கொண்டு ஆத்திலை ஊத்துறான் எண்டு எனக்குச் சந்தேகம். கையும் களவுமாப் பிடிக்கத்தான் ஸ்டோர்ஸ் கீப்பரைக் கமராவோடை விட்டனான். அப்ப படத்துக்கு ஒரு நியாயம் வந்திடுது. பாலத்துக்கும் நியாயம் வந்திடுது. எனக்கு அங்கை ஆக்கள் இருக்கினம், கேப்பினம்."

"பலீல் நானாவுக்கு?"

"அவனுக்குப் பெரிசா என்ன வரப்போகுது? சின்னக் கேஸ்."

"கம்பனிக்கு?"

"கம்பனியும் ஏமாந்ததுதானே, பிள்ளை." அவர் அதைச் சொன்னபோது முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "ஒரே ஒரு விசயம். அவர் அதுக்கு ஓமெண்டு கையெழுத்து வைக்கவேணும். வெளியிலை வந்தாப்பிறகு வேலைக்கும் வரவேணும். வராட்டில் அவங்களுக்குத் திரும்பச் சந்தேகம் வரும். நீர் சொன்னால் அவர் கேப்பார்."

அவர் போனதும் அன்ரி கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "பொய்ய எவ்வளவு வடிவா மடிச்சுக் கொண்டு வந்திருக்கான் பாத்தீங்களா? இஸ்திரி போட்ட மாதிரி." அப்பிள் பை கனநாள் அந்த மேசையிலேயே கிடந்து சுருங்கியது.

அடுத்தநாள் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு நானா வீட்டுக்குப் போனார். "கேக்கப் போகேல்லை, தம்பி. அந்த மனிசனுக்குத் தெரியாமல் ஒண்டும் நடக்கக்கூடாது, அதுக்குத்தான்" என்று வழியில் இரண்டு தரம் சொன்னார்.

ஆற்றுக்கு இறங்குகிற சரிவில் பலகை வீடுகள். மழை பெய்து விட்டிருந்தது. பொதுக் குழாயடியில் வாளிகள் வரிசையாக நின்றன, ஆட்களைக் காணவில்லை. அன்றைக்கு ஆறு பச்சை. நானாவை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். லொறியை வேறொருவன் ஓடினான். சாரத்தோடு வாசலில் இருந்து வலை பின்னிக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டு எழும்பினார். உம்மு குல்தூம் கிளாஸ்களைச் சேலைத் தலைப்பால் பிடித்துப் பிளேன் ரீ கொண்டுவந்தார்.

"பைப்புத் தண்ணிதான். பயமில்லாமக் குடிங்க" என்றார்.

அக்கா முதலாளி சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னார். தனக்குச் சாதகமாக ஒரு சொல்லும் கூட்டவில்லை. நானா முழுவதையும் கேட்டுவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் என்ன சொல்ற?"

"அவருக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லேல்லை."

"சொல்லுங்க. கையெழுத்து வெக்கச் சொல்லுங்க."

"நானா—"

"நான் சொல்றதக் கேளுங்க தங்கச்சி. அவருக்குப் பாலம், எனக்குப் பரல். பாலத்துக்கு எத்தின வருசம் எண்டு ஒருத்தருக்கும் தெரியா. கேஸே இல்லாம வெச்சிருப்பாங்க. பரலுக்கு மிஞ்சிப் போனா ஆறு மாசம். என்ன கூட்டிட்டுப் போனா எங்க வெச்சிருக்கு, எண்டைக்கு விடுவாங்க எண்டு இவளுக்குச் சொல்லுவாங்க. ஒங்களுக்குச் சொல்லுவாங்களா?"

அக்கா கிளாஸுக்குள் பார்த்தார்.

"அதோட, நான் ஊத்தினதுதானே. அது பொய்யில்லயே."

அதுவரை கதவடியில் நின்ற உம்மு குல்தூம் பேசினார். "ஊத்தின எண்டு சொல்லுங்க. அது சரி. சல்லி எடுத்த எண்டு சொல்லவாணாம். இவர் ஒருத்தர்ட சல்லியும் எடுத்ததில்ல. கள்ளன் எண்டு மட்டும் சொல்லவாணாம்."

"ரெண்டும் சேந்துதான் புள்ள கேக்கிறாங்க" என்றார் நானா, மெதுவாக. "ஒண்ட மட்டும் வாங்க மாட்டாங்க."

உம்மு குல்தூம் உள்ளே போய்விட்டார். அழுகிறாரோ என்று காது கொடுத்தேன். பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் வந்தது. அக்கா குடிக்காத ரீயைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் கேக்க வரேல்லை" என்று திரும்பவும் சொன்னார். பிறகு அதை ஒரே மூச்சில் குடித்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் அவருக்கு நிம்மதியாகவும் இருந்திருக்கும். அந்த நிம்மதியை நினைத்து அருவருப்பாகவும் இருந்திருக்கும். எனக்கு இரண்டும் இருந்தன.

அடுத்த தடவை அண்ணையைச் சந்திக்க விட்டார்கள். நானும் கூடப் போனேன். முகம் ஒட்டிப்போயிருந்தது. காலில் யாருடையதோ ஒரு பெரிய செருப்பு. அக்கா குரலைத் தாழ்த்திச் சொல்லச் சொல்ல அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

"நானாவுக்குத் தெரியுமோ?"

"அவர்தான் வையுங்கோ எண்டவர்."

"நீர் என்ன சொல்லுறீர்?"

அக்கா அவருடைய காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு நீங்கள் வீட்டை வரவேணும். வேறை ஒண்டும் எனக்குத் தெரியாது."

அவர் ஓம் என்று சொல்லவில்லை, ஒரு தரம்கூட. நானா காசு அடித்தார் என்ற வரிக்கும் சேர்த்துக் கையெழுத்து வைத்தார். அந்தக் கிழமை முடியுமுன்னம் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து குளித்து, சோறு சாப்பிட்டு, அக்கா விரித்த பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போனார்.

வழக்கு மார்கழியில் வந்தது. நானா குற்றத்தை ஒப்புக்கொண்டார். அத்தோடு முடியும் என்று நினைத்தோம். ஆனால் நீதவான் படத்தை எடுத்தவரையும் ஒருதரம் கேட்கவேண்டும் என்றார். அண்ணை சாட்சிக் கூண்டில் ஏறினார். அயர்ன் பண்ணின நீளக்கைச் சேட்டு, மேல் பொத்தான்வரை பூட்டியிருந்தார். மொழிபெயர்ப்பாளர் படத்தைக் காட்டிக் கேட்டார்: "இது நீர் எடுத்த படமோ?"

"ஓம்."

"இதில் பரலை ஊற்றுகிறவர் இந்த மன்றில் நிற்கிறாரா? இவர்தானா?"

நானா நேரே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லுங்க என்பதுபோல கண்ணைக் காட்டினார். அண்ணை வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இரண்டாம் தரமும் கேட்டார்கள். அவர் தலையை ஆட்டினார்.

மேலும் கீழுமாக, மெல்ல, அந்தத் தலை அசைந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்து இறுக்கினார். சாக்குத்தான் இல்லை. யார் ஊற்றச் சொன்னது என்று அந்த மன்றில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணை சொல்லியிருப்பார் என்று நான் நம்ப விரும்புகிறேன். நானாவுக்கு, அவர் கணக்குப் போட்ட மாதிரியே, ஆறு மாதம்.

அதற்குப் பிறகு அண்ணை கதைப்பதை விட்டுவிட்டார். முரண்டு பிடித்து அல்ல. கதை அவரை விட்டுப் போய்விட்டது. சாப்பிடுறீங்களோ என்றால் தலையாட்டுவார். வேலைக்கு நேரமாச்சு என்றாலும் தலையாட்டுவார். "வாயத் தொறந்து சொல்லுங்களேன் மகன்" என்று அன்ரி பேசினார். அதற்கும் தலையாட்டினார். தொழிற்சாலையில் பின்னேரங்களில் பரல்களை ஏற்றிவிடுவதும் அவர்தான். புது ட்ரைவர் லொறியை எங்கே கொண்டுபோகிறான் என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

அக்கா ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு இடியப்பமும் சொதியும் தனியாகக் கட்டினார். அதை அண்ணை வேலைக்குப் போகிற வழியில் உம்மு குல்தூமிடம் கொடுத்துவிட்டுப் போவார். அந்த அம்மா கதவைத் திறந்து வாங்குவார். முதல்நாள் பாத்திரத்தைக் கழுவி நீட்டுவார். இரண்டு பேரும் ஒன்றும் பேசுவதில்லை என்று, ஒருநாள் மழையில் குடையோடு கூடப் போன நான் கண்டேன்.

தை மாதக் கடைசியில் நோன்புப் பெருநாள் வந்தது. பண்டிகை நாளில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது அவர்களிடமும் உண்டு, எங்களிடமும் உண்டு. எனக்கு அன்றைக்கு லீவு. அண்ணைக்கும் தொழிற்சாலை இல்லை. இருந்தும் அவர் இடியப்பத்தைக் கொண்டுபோனார். நானும் பெருநாள் வாழ்த்துச் சொல்லலாம் என்று கூடப் போனேன். அந்த வீட்டில் புதுத் துணி ஒன்றும் தெரியவில்லை. உம்மு குல்தூம் எங்களுடைய பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். மூடியிருந்தது, கனமாக இருந்தது. விரல்களில் துணி சுற்றியிருந்தார்.

"வட்டிலப்பம். அக்காக்கும் குடுங்க" என்றார்.

அண்ணை வாங்கிக்கொண்டு நின்றார். போகவும் இல்லை, பேசவும் இல்லை. அந்த அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, அவரைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னார்: "நேத்து ஜெயிலுக்குப் போய்ப் பாத்த அண்ணே. நல்லா ஈக்கிற. அவரப் பத்தி ஒங்கள யோசிக்கவாணாம் எண்டு சொல்லச் சொன்ன. அவர் ஊத்தினதுதானே. நீங்க பொய் ஒண்டும் சொல்லல்லயே."

அவருடைய தலை ஆடவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்புகிறபோது உம்மு குல்தூம் பின்னால் கூப்பிட்டு இன்னும் ஒன்றைச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனார். வீடு வரும்வரை அண்ணை பாத்திரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தார்.

அக்கா மூடியைத் திறந்தார். தேங்காய்ப்பாலில் அவித்த அந்த இனிப்பின் ஏலக்காய் மணம் குசினி முழுக்கப் பரவியது. அவர் கரண்டியை எடுக்கவில்லை. பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்ரியும் வந்து வாசலில் நின்றார்.

"என்ன சொன்னவ?" என்று அக்கா கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. கேட்கிற பழக்கத்தில் கேட்டார்.

"பைப்புத் தண்ணியிலைதானாம் செய்தது" என்றார் அண்ணை. நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். ஒன்றரை மாதம் கேட்காத அந்தக் குரல் கரகரத்திருந்தது. "விடியமுதல் போய் வரிசையிலை நிண்டு பிடிச்ச தண்ணியாம். பயப்பிடாமல் சாப்பிடட்டாம்."

பிறகு அவர் நிலத்தில் இருந்து, பாத்திரத்தை மடியில் வைத்து, கையால் அள்ளிச் சாப்பிடத் தொடங்கினார். நாங்கள் நின்றோம். எங்களுக்கு ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல், அடியை வழித்து, முழுவதையும் அவரே சாப்பிட்டார்.